லாரி வராத வழி

தாம்பரத்தைச் சுற்றி லாரி வராத வழி எதுவுமில்லை என்பதை நான் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆகவே, அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போவதற்கு நெரிசல் இல்லாத பாதை ஒன்றைச் செல்போன் வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வேண்டுமாம், ஏரி வேண்டுமாம், மூச்சு வாங்காத அளவுக்கு ஒரு சின்ன மலையும் வேண்டுமாம். லாரி மட்டும் கூடாதாம். அவர்கள் விரல் வைத்த இடங்களில் எல்லாம் ஒரு கோடை முழுவதும் நானும் அப்பாவும் சைக்கிள் மிதித்திருக்கிறோம். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். மதிய உணவு நேரத்தில் சொல்லக்கூடிய கதை அல்ல அது.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்புக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை தானாக நிமிரும். அப்பா பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதற்குள் பேருந்து போய்விடும். அம்மா பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான்.

அப்போது எங்கள் வீடு முடிச்சூரில், உள்ளே தள்ளி, ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் தெருக்கோடியிலேயே படித்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். முடிச்சூர் வயல்களில் மிச்சமிருந்த கிணறுகளில் தண்ணீரைப் பிடித்து, தாம்பரம் தாண்டி, ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். மேடவாக்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எங்கப்பா கொடுக்கும் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஊர் மக்கள் நன்றியில்லாதவர்கள், ஒருவர்கூட வந்து அப்பாவைப் பார்க்கவில்லை என்ற குறையும் எனக்கு இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த சமயத்தில் அப்பா வேலைக்குப் போவதை நிறுத்தினார். வண்டி ஷெட்டில் நிற்கிறது என்று அம்மா சொன்னாள். ரிப்பேர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அப்பா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தட்டில் போட்டது அப்படியே இருந்தது. நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகலில் வீட்டில் அப்பா இருப்பது எனக்குப் புதுசு. விருந்தாளி வந்தது மாதிரி இருந்தது.

ஒருநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, ஜூன் மாதம் என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“அந்த ரோட்ட தாண்டி அனுப்ப மாட்டேன்.”

“ஊர்ல இருக்கற புள்ளைங்கல்லாம் தாண்டலயா? ஆட்டோல அனுப்பலாம்.”

“ஆட்டோ இன்னா ஆகாசத்துலயா போவுது? அதே ரோடுதான். லாரி வராத வழி ஒண்ணு கீதா சொல்லு, அனுப்பறேன். இல்லன்னா வூட்ல கெடக்கட்டும்.”

“ஏன், நீ ஓட்டறது இன்னா தேரா?”

சொன்ன வேகத்தில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு என்னையும் பார்க்காமல் போய்விட்டாள். சண்டையில் ஜெயித்தவள் எதற்கு அப்படிப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அப்பா சொன்னதில் ஒரு வார்த்தையை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். வழி இருந்தால் அனுப்புகிறேன் என்றார் அல்லவா? அன்று முழுவதும் அவர் பாயைச் சுற்றிச் சுற்றி வந்து, தேடலாம் வா, தேடலாம் வா என்று நச்சரித்தேன். சாயங்காலம் அவர் எழுந்து முகம் கழுவினார். அம்மா வேலை செய்யும் ஃப்ளாட்டில் வேண்டாமென்று கொடுத்த ரோஸ் நிறச் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு அது குள்ளம். மிதித்தால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். அப்பா தன் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தார். மறுநாளிலிருந்து நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

முதலில் ஆற்று வழி. கோடையில் ஆறு அங்கங்கே குட்டைகளாக நின்றது. குட்டைகளை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. கரையோரம் மாட்டுக்காரர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையில் அப்பா முன்னால் போவார், நான் பின்னால் போவேன். பனைமரங்களுக்கு நடுவே, மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் கம்பத்தைத் தாண்டி, மனை பிரித்து நட்ட கற்களின் ஓரமாக அந்தப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. சத்தமே இல்லை. தூரத்தில் எங்கேயாவது லாரி உறுமினால் அப்பா உடனே இறங்கிவிடுவார். அது அடங்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்து நானும் இறங்கி நிற்பேன்.

அந்த வழி புதிதாக எழுப்பிய ஒரு மதில் சுவரில் முட்டி முடிந்தது. அங்கிருந்த காவல்காரர், உள்ளே போய் முன்பக்கமாக வெளியே வரலாம், ஆனால் முன்பக்கம் மெயின் ரோடு என்றார். அப்பா சுவர் ஓரமாகவே ஆறு வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். சுவர் ஆற்றுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

அடுத்தது மலை வழி. மலை என்றால் பெரிய மலை இல்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வெகுதூரம் போனால் கருவேலங்காட்டுக்குப் பின்னால் பாறையும் புதருமாக ஒரு மேடு எழும்பும். நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு மண்பாதை உண்டு. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது பெடலை மிதிக்காமலே சைக்கிள் ஓடும். முட்டியை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நான் கத்திக்கொண்டே இறங்குவேன். அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பாதை அந்தப் பக்கம் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கத்தான் நாங்கள் போனோம். ஆனால் இறங்குவதற்காகவே நான் அப்பாவை மறுபடி மறுபடி அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிள்காரர்களைப் பார்த்தோம். தலையில் தொப்பியும் உடம்போடு ஒட்டிய சட்டையுமாக மூன்று நான்கு பேர். அவர்களுடைய சைக்கிள் ஒவ்வொன்றும் ஒற்றை விரலில் தூக்கலாம் போல் இருந்தது. ஒருவர் அப்பாவிடம் வழி கேட்டார்.

“அண்ணா, இந்தப் பக்கம் டிராஃபிக் எப்படி இருக்கும்?”

“இங்க இன்னா சார் டிராபிக்கு. மாடுதான்.”

அவர்கள் சிரித்தார்கள். சூப்பர் ரூட் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்பா தயங்கித் தயங்கி அவர்கள் பக்கத்தில் போனார். முதலாளியிடம்கூட அவர் அவ்வளவு பணிவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

“சார், நீங்க எங்கேர்ந்து வரீங்க?”

“வேளச்சேரிலேர்ந்துண்ணா.”

“அம்மாந்தூரத்துலேர்ந்து மெயின் ரோடே ஏறாம வந்துட்டீங்களா சார்? எப்டி சார்? அந்த வழிய கொஞ்சம் சொல்லுங்களேன்.”

தொப்பிக்காரர் மற்றவர்களைப் பார்த்தார்.

“அப்படி வழியெல்லாம் எங்கண்ணா இருக்கு? சைக்கிளைக் கார் மேல மாட்டிக்கிட்டு வந்தோம். கார் அங்க கோயில்கிட்ட நிக்குது.”

“கார் மேல,” என்றார் அப்பா.

சைக்கிளைக் கார் சுமந்துகொண்டு வருகிறது என்பது எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய வேடிக்கை. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவர்களைப் பார்த்ததும் அவருக்கு வந்த நம்பிக்கை, கார் மேலே ஏறிப் போய்விட்டது. மலையின் அந்தப் பக்கத்தையும் அன்றே பார்த்துவிட்டோம். ஜல்லியும் மணலும் கொட்டி விற்கிற இடம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. அப்பா என் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினார்.

இப்படியே விடுமுறை தேய்ந்துகொண்டு வந்தது. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ரோடு வந்து நின்றது. வயல்களுக்கு நடுவே போனோம். மனைகளுக்கு நடுவே போனோம். ஒரு தோப்புக்குள் போய் நாய் துரத்தி ஓடிவந்தோம். எனக்கு எல்லாம் சுற்றுலாவாக இருந்தது. அப்பாவுக்குக் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று அம்மா நினைவூட்டினால், “பாத்துகினுதான கீறேன்,” என்று அடித் தொண்டையில் சொல்வார்.

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு கால்வாய் உண்டு. அது மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சிறிய பாலத்தின் வழியாக அந்தப் பக்கம் போகிறது. கோடையில் கால்வாய் காய்ந்து கிடந்தது. ரோட்டைத் தாண்டத்தானே முடியாது, அடியில் போனால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது.

ஏரிக்கரையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினோம். பாலத்துக்கு அடியில் இருட்டாக, ஈரமாக இருந்தது. உடைந்த பாட்டில்கள் கிடந்தன. ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பாதி தூரம் போனபோது தலைக்கு மேலே ஒரு லாரி போயிற்று. முதலில் ஒரு முனகல், பிறகு கல்லெல்லாம் அதிர்கிற சத்தம். அப்பா சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி நின்றார். லாரி போன பிறகும் அப்படியே நின்றார். நான் பயந்துவிட்டேனோ என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன்.

“நான் ஒண்ணும் பயப்படலப்பா,” என்றேன்.

அந்தப் பக்கம் வெயிலில் ஏறியபோது, நேர் எதிரே, ஒரு மைதானத்துக்கு அப்பால், பெரிய பள்ளிக்கூடத்தின் மஞ்சள் மதில் தெரிந்தது. நான் குதித்தேன். அப்பா அந்தக் கோடையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“ஒரு லாரி கூட இல்ல, பாத்தியா?” என்றார்.

பாலத்தின் மேலே டீக்கடை. அங்கிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முதலாளியிடமே இன்னொரு தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். டீ கிளாசோடு கீழே இறங்கி வந்தார்.

“இன்னா மச்சான், ரோடு மேல கீதுன்னு உனக்கு யாருமே சொல்லலியா?”

“பாப்பாவுக்கு இஸ்கூலுக்கு வழி பாக்கறேன்.”

“இதுவா வழி? ஐப்பசில வந்து பாரு. ஆளு முழுகறாப்புல தண்ணி போவும். படகு வாங்கி வெச்சிகினு கீறியா?”

அப்பா திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்சுவரில், அப்பாவின் தலைக்கு மேலே, போன மழையில் தண்ணீர் ஓடிய சேற்றுக்கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர் அப்பா. எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தக் கோட்டை அவர் அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

அந்த நண்பர் குரலைத் தாழ்த்தி, அப்பாவின் தோளில் கை போட்டார்.

“எத்தினி நாளு இப்டியே சுத்திகினு இருப்ப? ஓனர் தெனம் கேட்டுகினு கீறாரு. நீ இன்னா வேணும்னா தட்டுன? ராஜகீழ்ப்பாக்கம் திருப்பத்துல அந்தப் பொண்ணு சைக்கிளோட தானா சைடுல வந்து மாட்டிகிச்சி. நாங்க பாக்காததா? அவங்க வூட்லயும் காரியம்லாம் முடிஞ்சி போச்சாம். வா மச்சான், வந்து வண்டிய எடு.”

அப்பா குனிந்து சைக்கிளை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன். அப்பாவின் லாரி யாரோ ஒரு பெண்ணைத் தட்டியிருக்கிறது. தட்டுவது என்றால் எனக்குத் தெரியாதா? அம்மா என்னை முதுகில் தட்டித் தூங்கவைத்திருக்கிறாள். மனப்பாடமாக ஒப்பித்தால் டீச்சர் தோளில் தட்டிக் கொடுப்பார். ஒப்பிக்காவிட்டால் ஸ்கேலால் விரலில் தட்டுவார். அந்த மாதிரி ஏதோ பட்டிருக்கிறது, அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள், பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். இப்போது காரியமும் முடிந்துவிட்டதாம். காரியம் என்றால் வேலை. எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் அப்பா எதற்கு முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

வந்த வழியே திரும்பினோம். ஏரிக்கரையில் ஏறியதும் அப்பா முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“இஸ்கூலு வேணாம்மா. படிச்ச வரைக்கும் போதும். அம்மா கூட ஃப்ளாட்டுக்குப் போ.”

நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அப்படி அழுதது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு வீடு பெருக்கிப் பாத்திரம் தேய்க்கிற வேலையா என்று கேட்க வார்த்தை தெரியவில்லை. வாயைத் திறந்து அழத்தான் தெரிந்தது. அப்பா கொஞ்ச தூரம் போய் நின்றார். பக்கத்தில் வரவும் இல்லை, போகவும் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அழுது ஓய்ந்தபோது எனக்குள் ஒரு யோசனை வந்தது. லாரி தட்டிவிட்டால் நான் இப்படித்தான் அழுது ஊரைக் கூட்டுவேன் என்று அப்பா பயப்படுகிறார். அதனால்தான் அனுப்பமாட்டேன் என்கிறார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“அந்தப் பொண்ணு அழுதாளாப்பா?”

“எந்தப் பொண்ணு?”

“நீ தட்டுனியே, அந்தப் பொண்ணு.”

அப்பா என்னைப் பார்த்தார்.

“இல்லம்மா,” என்றார். “அழல.”

எனக்கு அந்தப் பெண் மேல் பொறாமையாக இருந்தது. என்னைவிடத் தைரியசாலி ஒருத்தி ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள்.

“அப்ப நானும் அழமாட்டேன்பா,” என்றேன். “எந்த லாரி தட்டினாலும் அந்தப் பொண்ணு மாதிரியே இருப்பேன். சத்தமே வராது. என்ன அனுப்புப்பா.”

அப்பாவின் கையிலிருந்து சைக்கிள் நழுவிக் கரையில் விழுந்தது. அவர் கரைச் சரிவில் இறங்கி, காய்ந்து வெடித்திருந்த ஏரிக்குள் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. நான் கரை மேலேயே நின்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்று தெரிய வேண்டும் அல்லவா? கால் வலித்தும், பசித்தும், தாகம் எடுத்தும், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நிமிர்ந்து நின்று காட்டினேன்.

மேலே ஏறி வந்தபோது அப்பாவின் முகம் வீங்கியிருந்தது. “அனுப்பறேன்,” என்றார்.

கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் நான் பரிசு வாங்கியிருக்கிறேன். என் முதல் வெற்றி அந்த ஏரிக்கரையில் கிடைத்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பிறப்பதற்குள் ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு, பள்ளிக்கூட மதிலை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை ஒன்றுக்கு வாடகைக்குப் போனோம். இனி எனக்கு ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. சைக்கிளும் வேண்டியதில்லை. அம்மா மூலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வாடகையைக் கொடுப்பதற்காக அப்பா ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தார்.

சந்து முனையில்தான் லாரியை நிறுத்துவார். காலையில் நான் சீருடையும் பையுமாகக் கதவருகே நின்று பார்ப்பேன். அப்பா உடனே ஏறமாட்டார். லாரியை ஒருமுறை சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து, தரையில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து, அடியில் பார்ப்பார். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்ட பிறகு மறுபடியும் இறங்கி வருவார். மறுபடியும் முதல் சக்கரத்திலிருந்து குனிந்து பார்ப்பார். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியாது.

என் புது வகுப்பில் லாரி ஓட்டுகிற அப்பாக்கள் வேறு சிலருக்கும் இருந்தார்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று எங்கப்பா அளவுக்குக் கவனமாகப் பார்க்கிற டிரைவர் தாம்பரத்திலேயே கிடையாது என்று அவர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.